கடல் தாண்டிப் பிழைத்த சாப்பாட்டுக் கடை

கியூப உணவகங்களில் உண்ட நினைவுகளைத் திரட்டிப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு நாளோ குறிப்பிட்ட ஒரு கடையோ என் முன் வந்து நிற்பதில்லை. எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரு மேசைதான் வருகிறது. வெண்ணெய் தடவி, சூடான இரும்புத் தட்டுகளுக்கு இடையில் அழுத்தி எடுத்த ரொட்டி. ஓவல் தட்டில் வெள்ளைச் சோறு. தனிக் கிண்ணத்தில் கறுப்பு பீன்ஸ் குழம்பு. தக்காளியும் குடைமிளகாயும் சேர்ந்து வெந்து, நார்நாராகப் பிரிந்த மாட்டிறைச்சி. ஓரம் கருகி இனிக்கும் பழுத்த வாழைத் துண்டுகள். கடைசியில், மேலே சர்க்கரை நுரை படிந்த, இரண்டு மடக்கில் தீரும் காபி. மயாமியின் எட்டாம் தெருவானாலும், டாம்பாவின் பழைய சுருட்டுத் தொழிற்சாலைப் பகுதியானாலும், நியூயார்க்கின் பிராட்வேயானாலும் இந்த மேசை அதிகம் மாறுவதில்லை. ஆனால் இதே காலத்தில் கியூபாவில் வாழ்ந்த ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு, தெருவில் இறங்கி, தன் கூலியில் காசு கொடுத்து, இப்படி ஒரு மேசையில் அமர்வது பல பத்தாண்டுகளுக்கு அரிதாகவே இருந்தது. இந்த முரண்தான் என்னைச் சிந்திக்க வைக்கிறது. கியூபப் புரட்சிக்குப் பிந்தைய காலத்தில் தீவு சில பண்டங்களை இழந்ததைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. என் வாதம் வேறு. தீவு இழந்தவற்றில் பெரியது சாப்பாட்டுக் கடை என்ற அமைப்பு. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவை, நாடு நீங்கியவர்கள் நடத்திய எளிய, ஆடம்பரமில்லாத உணவகங்கள்.

1959க்கு முந்தைய ஹவானாவில் வெளியே உண்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஃபோந்தா எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகள் பேட்டைதோறும் இருந்தன. அவற்றில் பலவற்றைச் சீனர்கள் நடத்தினார்கள். தெருமுனைகளில் ஃப்ரீத்தா வண்டிகள் நின்றன. மசாலா சேர்த்த இறைச்சியை வட்டமாகத் தட்டிப் பொரித்து, சிறு ரொட்டிக்குள் வைத்து, மேலே மெல்லிய உருளைக்கிழங்குப் பொரியலைக் குவித்துக் கொடுப்பார்கள். புரட்சி வந்தவுடனேயே இவை மறைந்துவிடவில்லை. 1962 மார்ச்சில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசி, பீன்ஸ், எண்ணெய், சர்க்கரை எல்லாம் லிப்ரெத்தா என்ற ரேஷன் புத்தகத்தின் கணக்குக்குள் போயின. சிறு கடைகள் அப்போதும் தட்டுத்தடுமாறி நடந்தன. 1968 மார்ச்சில்தான் இறுதி அடி விழுந்தது. ‘புரட்சித் தாக்குதல்’ என்று பெயரிட்ட நடவடிக்கையில், தனியாரிடம் எஞ்சியிருந்த 50,000க்கும் மேற்பட்ட சிறு தொழில்களை ஃபிதெல் காஸ்த்ரோவின் அரசு எடுத்துக்கொண்டது. மதுக்கடைகள், பழுதுபார்க்கும் கடைகள், சலவைக் கடைகளோடு சாப்பாட்டுக் கடைகளும் தள்ளுவண்டிகளும் அதில் அடங்கின. தனியார் சிற்றுணவகம் அன்றிலிருந்து சட்டப்படி இல்லாமல் போனது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு வெளியே உண்பது என்றால் அரசு உணவகம், ஆலை உணவுக்கூடம், வரிசை, குறுகிய பட்டியல் என்றே பொருள். 1966இல் ஹவானாவில் திறந்த கொப்பேலியா ஐஸ்கிரீம் நிலையம் போல மக்கள் நேசித்த அரசு இடங்களும் உண்டு. ஆனால் பேட்டைக்கு ஒன்றாக, உரிமையாளர் அடுப்படியில் நின்று நடத்தும் கடைக்கு அவை ஈடாகவில்லை.

வீட்டுச் சமையல் இருக்கும்போது கடை போனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். வீடும் கடையும் சமையலைக் காப்பது ஒரே விதத்தில் அல்ல. வீடு, கையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கும். அதுதான் அதன் திறமை. இதற்குச் சான்று நித்சா வில்யாபோலின் வாழ்க்கை. 1923இல் பிறந்து 1998இல் இறந்த அவர், 1950களின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் கியூபத் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டினார். அவருடைய சமையல் நூல் கடலின் இரு கரைகளிலும் அடுக்களைகளில் இருந்தது. பங்கீட்டுக் காலத்தில் அவருடைய பணி, இல்லாததற்கு மாற்று சொல்வதாக மாறியது. இறைச்சி இல்லாவிட்டால் என்ன, முட்டை இல்லாவிட்டால் என்ன, எண்ணெய் போதாவிட்டால் என்ன என்று ஒரு தேசத்துக்கே கற்றுக்கொடுத்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து உதவி நின்றபோது மாற்றுக்கும் மாற்று தேட வேண்டியதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் 50,000க்கும் மேற்பட்ட கியூபர்களைத் தாக்கிய நரம்பு, பார்வைக் கோளாற்றுக்கு ஊட்டச்சத்துக் குறைவு முக்கியக் காரணமாக இருந்தது. அத்தகைய நாட்களில் குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்த பெண்களின் கைத்திறனை நான் எந்த உணவகத்துக்கும் கீழே வைக்க மாட்டேன். ஆனால் மாற்றுகளால் ஓடும் சமையலில் மூல அளவுகோல் மெல்ல மறைகிறது. இந்தப் பண்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாள்தோறும் நிறுவிக் காட்டுவது கடை. காசு கொடுத்தவர் தட்டைத் திருப்பி அனுப்பலாம் என்ற நிலைதான் அந்த அளவுகோலை உயிரோடு வைத்திருக்கிறது.

அந்தக் கடை எங்கே போனது என்பதற்கு விடை, சுமார் 150 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1959க்குப் பின் வந்த முதல் அலை, 1965 முதல் 1973 வரை நடந்த விமானப் பயணங்களில் வந்த 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர், 1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து படகுகளில் வந்த சுமார் 1,25,000 பேர், 1994இல் கட்டுமரம் போன்ற மிதவைகளில் கடலில் இறங்கியவர்கள் என்று மயாமிக்குக் கியூபர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருந்த பலர் ஹோட்டல்களில் பாத்திரம் கழுவினார்கள். பெண்கள் தையல் ஆலைகளுக்குப் போனார்கள். சமைக்க நேரமில்லாத அந்த வீடுகளுக்குக் காந்தீனா என்ற வழக்கம் கைகொடுத்தது. சோறு ஒரு தட்டிலும் பீன்ஸ் ஒரு தட்டிலும் இறைச்சி ஒரு தட்டிலுமாக அடுக்குத் தூக்கில் மாலைதோறும் சாப்பாடு வீட்டு வாசலுக்கு வரும். சந்தியாகோவில் பிறந்து 1960இல் மயாமிக்கு வந்த ஃபெலிப்பே வால்ஸ், கடைகளுக்கு எஸ்பிரெஸ்ஸோ இயந்திரங்களை விற்றார். தெருவைப் பார்த்த ஜன்னல் வழியே காபி விற்கும் வெந்தனீத்தா மயாமியில் பரவியதற்கு அவரே காரணம் என்பார்கள். 1971இல் அவர் எட்டாம் தெருவில் தொடங்கிய வெர்சாய், கண்ணாடிகள் பதித்த சுவர்கள் இருந்தாலும், விலையிலும் பட்டியலிலும் சாதாரணக் குடும்பத்தின் உணவகமே. தீவில் கடைகள் மூடப்பட்டு மூன்று ஆண்டுகளில் மறுகரையில் அது திறந்தது. இந்த இரு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் கியூப உணவகத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

எளிய கடையால் முடிந்த இந்தக் காரியம் பெரிய உணவகத்தால் ஏன் முடிந்திருக்காது? முதல் காரணம், அன்றாடத் திரும்பச்செய்தல். ஒரு நல்ல பீன்ஸ் குழம்புக்கு முதல்நாள் இரவே பீன்ஸை ஊறவைக்க வேண்டும். ஊறவைத்த நீரிலேயே குடைமிளகாயோடு அது மெத்தென்று வேக வேண்டும். வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், பூண்டு மூன்றையும் எண்ணெயில் வதக்கிய சொஃப்ரீத்தோவைச் சேர்த்து, சீரகம், ஒரேகானோ, பிரிஞ்சி இலையோடு மீண்டும் கொதித்து, இறக்கும் முன் சிறிது வினிகரும் சிட்டிகை சர்க்கரையும் விழ வேண்டும். பண்டிகைக்கு ஒருமுறை செய்தால் இந்தப் பக்குவம் கைக்கு நிற்காது. தினமும் பெரிய அண்டாவில் செய்தால் நிற்கும். இரண்டாவது காரணம் விலை. ஊதியம் குறைந்தவரும் வாரத்தில் பல நாள் வர முடிந்தால்தான் கடைக்கு அந்த அண்டாவை ஏற்றும் தேவை இருக்கும். மூன்றாவது, உண்பவரின் கண்டிப்பு. மரவள்ளிக்கிழங்கின் மேல் ஊற்றும் மோஹோவில் புளிப்பு ஆரஞ்சுச் சாறு போதுமா, பூண்டு கருகிவிட்டதா, இருமுறை பொரித்த வாழைக்காய் வில்லை மொறுமொறுப்பாக இருக்கிறதா என்பதை அங்கே சாப்பிடும் முதியவர்கள் முதல் வாயிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது ஒரு வாதத்தின் ஆதாரம்: எங்கள் ஊர் இப்படி இருந்தது. இவ்வளவு அக்கறையுள்ள தணிக்கையாளர்கள் எந்த நட்சத்திர உணவகத்துக்கும் கிடைப்பதில்லை. காபி ஜன்னலிலும் இதே கண்டிப்பு உண்டு. இயந்திரத்திலிருந்து சொட்டும் முதல் துளிகளைச் சர்க்கரையோடு அடித்து நுரையாக்கிவிட்டே மீதிக் காபியை ஊற்ற வேண்டும். ஒருவர் கொலாதா என்ற பெரிய கோப்பையை வாங்கி, கூடவே தரும் சிறு கோப்பைகளில் சுற்றி நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார். அதைத் தனியாகக் குடிப்பவர் மிகக் குறைவு.

கியூபர்கள் எடுத்துவந்தது வீட்டுச் சமையலை மட்டுமே என்றால் ஒரு பொருளுக்கு விளக்கம் கிடைக்காது: நியூயார்க்கின் சீன-கியூப உணவகம். கரும்புத் தோட்டங்களில் அடிமை முறை தள்ளாடத் தொடங்கிய காலத்தில், 1847 முதல் 1874 வரை, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சீன ஒப்பந்தக் கூலிகள் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறித் தோட்டம், சலவைக்கடை, சாப்பாட்டுக் கடை என்று நகரங்களில் தங்கினார்கள். 1959க்குப் பிறகு கடைகளை இழந்த சீனர்களும் வெளியேறினார்கள்; கணிசமானவர்கள் நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் பிராட்வேயை ஒட்டிக் கடை வைத்தார்கள். 1968இல் 78ஆம் தெரு முனையில் திறந்த லா கரிதாத் அவற்றில் பெயர்பெற்றது. ஆண்டைக் கவனியுங்கள், தீவில் கடைகள் பறிக்கப்பட்ட அதே ஆண்டு. அங்கே வறுத்த சோறும் கறுப்பு பீன்ஸும், சீன முறைப் பன்றி இறைச்சியும் பொரித்த வாழைப்பழமும் ஒரே பட்டியலில் இருந்தன. பரிமாறுபவர் ஸ்பானிஷிலும் சீனத்திலும் மாறி மாறிப் பேசுவார். இந்தச் சேர்க்கை எந்த ஒரு வீட்டின் பாரம்பரியமும் அல்ல. ஹவானாவின் தெருவில், சீனச் சமையல்காரரும் கியூப வாடிக்கையாளரும் பல தலைமுறைகளாகக் கொடுத்து வாங்கியதில் பிறந்தது. கடை இடம்பெயர்ந்ததால் மட்டுமே அது பிழைத்தது. எளிய உணவகம் தனக்கென்று ஒரு நினைவைச் சுமக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு கடுமையானது, நியாயமானதும்கூட. இந்த மேசை யாருடைய நினைவு? 1959க்கு முன் கியூபக் கிராமத்தில் மாட்டிறைச்சியும் பாலும் எல்லார் தட்டிலும் இருந்ததா? இல்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழக அமைப்பு ஒன்று 1957இல் வெளியிட்ட ஆய்வில், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 100க்கு 4 மட்டுமே இறைச்சியைத் தங்கள் வழக்கமான உணவு என்று சொல்லின. பாலைச் சொன்னவை 11. கரும்பு வெட்டும் பருவம் முடிந்தபின் வரும் வேலையற்ற மாதங்களில் அவர்களைக் காத்தது சோறும் பீன்ஸும் கிழங்குமே. ரேஷன் புத்தகம் அந்தக் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தது என்பதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. முதல் அலையில் மயாமிக்கு வந்தவர்களில் நகரத்து வெள்ளை நடுத்தர வர்க்கத்தினரே மிகுதி என்பதும் உண்மை. ஆனால் தட்டை உற்றுப் பாருங்கள். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தீவின் பூர்வகுடிகளான தாயினோக்களிடமிருந்து வந்தவை. வாழைக்காயை நசுக்கியும் பொரித்தும் உண்பதும், வெண்டைக்காயைக் குழம்பாக்குவதும் 1886 வரை அடிமைத்தளையில் இருந்த ஆப்பிரிக்கர்களின் கை. நார்நாராகப் பிரித்த இறைச்சி கானரித் தீவுகளிலிருந்து வந்த ஏழை ஸ்பானியர்களுடையது. அந்த நடுத்தர வர்க்கம் நினைவில் தூக்கிவந்தது, தான் அறிந்தோ அறியாமலோ, அடித்தட்டு மக்களின் உணவைத்தான். 1980இல் மரியேலிலிருந்து வந்தவர்களில் தொழிலாளர்களும் கறுப்பினத்தவரும் கூடுதலாக இருந்தார்கள். மயாமி அவர்களைத் திறந்த மனதோடு வரவேற்கவில்லை என்பது அந்நகரத்தின் தீராத கறை. ஆனால் காபி ஜன்னலிலும் சோற்றுக் கடையிலும் அவர்களுக்கு அந்நியமான பண்டம் எதுவும் இருக்கவில்லை. வர்க்கத்தால் பிரிந்தவர்களுக்குப் பொதுவாக எஞ்சியது அந்தத் தட்டு.

இரண்டாவது மறுப்பு, இந்த உணவு கியூபாவினுடையதே அல்ல என்பது. 1962இல் வந்த அமெரிக்கத் தடையாணைக்குப் பிறகு, மயாமியின் கியூபக் காபியில் கியூபாவில் விளைந்த கொட்டை இல்லை. சோறும் பீன்ஸும் இறைச்சியும் அமெரிக்கச் சந்தையில் வாங்கியவை. எல்லாருக்கும் தெரிந்த கியூப சாண்ட்விச்சோ டாம்பாவில் உருப்பெற்றது என்று டாம்பாக்காரர்கள் உரிமை கோருகிறார்கள். 2012இல் அந்நகர மன்றம் அதை நகரத்தின் அடையாள உணவாகவே அறிவித்தது. இந்த மறுப்பில் உள்ள தகவல்கள் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. விசென்தே மார்த்தினெஸ் ஈபோர் என்ற சுருட்டு ஆலை அதிபர் 1880களின் நடுவில் டாம்பாவை ஒட்டி ஈபோர் சிட்டியை உருவாக்கினார். கியூபர்களும் ஸ்பானியர்களும் சிசிலியிலிருந்து வந்த இத்தாலியர்களும் அங்கே ஒன்றாகச் சுருட்டுச் சுற்றினார்கள்; அவர்கள் வேலை செய்கையில் ஒருவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். கியூப விடுதலைக்கு ஆதரவு திரட்ட ஹோசே மார்த்தி 1891இல் வந்து பேசியது இந்தத் தொழிலாளர்களிடம்தான். 1905இல் தொடங்கிய கொலம்பியா உணவகமும், மாவின் மேல் ஈச்ச வகை ஓலையை வைத்துச் சுட்டு நீளவாக்கில் பிளவு வரச்செய்யும் ரொட்டிக் கடைகளும் அவர்களுக்காக எழுந்தவை. பன்றி இறைச்சி, ஹாம், சீஸ், ஊறுகாய், கடுகு என்ற வரிசையில் டாம்பாக்காரர்கள் சலாமியையும் சேர்ப்பது இத்தாலிய அண்டைவீட்டாரின் பங்கு. மயாமி அதை இன்றும் ஏற்பதில்லை. கியூபா தன் அரசியலையே கடலின் இரு கரைகளிலும் நின்று உருவாக்கிய நாடு. அதன் உணவை மட்டும் தீவின் மண்ணோடு கட்டிவைக்க என்ன நியாயம் இருக்கிறது? சமையல் என்பது பண்டங்களைச் சேர்க்கும் ஒழுங்கு. அந்த ஒழுங்கைக் காப்பவர் கையில் எந்த நாட்டு அரிசியும் அந்தச் சமையலுக்குள் வந்துவிடும்.

மூன்றாவது மறுப்பைத் தீவை நேசிப்பவர்கள் சொல்வார்கள்: உண்மையான கியூப உணவகம் கியூபாவில்தானே இருக்க வேண்டும், பலதார்கள் இருக்கின்றனவே. 1993இல் சுயதொழிலுக்கு வழி திறந்தபின் வீட்டு முன்னறைகளில் தோன்றியவை பலதார்கள். பிரேசில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கதாநாயகி நடத்தும் உணவுக் கடையின் பெயரை மக்கள் அவற்றுக்குச் சூட்டினார்கள். அந்த வரவேற்பே, 25 ஆண்டுகளாக மக்கள் எதற்கு ஏங்கினார்கள் என்பதைச் சொல்கிறது. ஆனால் 1990களில் அவற்றுக்கு இட்ட விலங்குகள் பல. 12 நாற்காலிகளுக்கு மேல் கூடாது. குடும்பத்தாரே வேலை செய்ய வேண்டும். மாட்டிறைச்சியும் கல்இறாலும் பரிமாறக் கூடாது. தன் மாட்டைத் தானே அறுக்கும் விவசாயிக்குச் சிறை காத்திருந்த நாட்டில், மயாமியின் மலிவான மதிய உணவாக இருந்த ரோப்பா வியெஹா என்ற நார்நாராகப் பிரித்த மாட்டிறைச்சி, சுற்றுலாப் பயணிக்கான பண்டமாகிவிட்டது. 2011இல் 50 நாற்காலிகள் வரை அனுமதி வந்தது. சிறு நிறுவனங்களைப் பதிவுசெய்ய 2021இல்தான் சட்டம் வந்தது. ‘ஸ்ட்ராபெரியும் சாக்லேட்டும்’ திரைப்படம் எடுக்கப்பட்ட பழைய மாளிகையில் 1996இல் திறந்த லா குவாரிதா போன்றவற்றின் சமையல் உலகத் தரமானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அரசு ஊதியம் பெறும் ஹவானா ஆசிரியை அங்கே வழக்கமாகச் சாப்பிட முடியாது. வெளிநாட்டுப் பணம் உள்ளவருக்காக வளர்ந்த உணவகம் கலையைக் காக்கலாம். அண்டைவீட்டாரின் பசியையும் கருத்தையும் அறிந்த கடையாக அது இருக்க முடியாது. உள்ளூர்ப் பணத்தில் ரொட்டியும் பீட்ஸாவும் விற்கும் ஜன்னல் கடைகளை இன்று தீவில் நடத்துபவர்களையே ஃபோந்தாவின் வாரிசுகளாக நான் பார்க்கிறேன். மாவும் எண்ணெயும் கிடைக்காமல் அவர்கள் படும் பாடு, கடை என்ற அமைப்பு எவ்வளவு எளிதில் ஒடியக்கூடியது என்பதைக் காட்டுகிறது.

நான்காவது மறுப்பு அரசியல் சார்ந்தது. மயாமியின் கியூப உணவகம் பகையைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பு என்பார்கள். 1983இல் அதிபர் ரீகன், மயாமியில் கியூபர்கள் மிகுந்த லிட்டில் ஹவானாப் பகுதியின் ஓர் எளிய உணவகத்தில் மதிய உணவு உண்டார். அதன்பின் கியூப வாக்குகளைத் தேடி வரும் வேட்பாளர்கள் காபி ஜன்னலில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2016 நவம்பரில் காஸ்த்ரோ இறந்த செய்தி வந்த இரவில் கூட்டம் பானைகளைத் தட்டிக்கொண்டு கூடியது வெர்சாயின் வாசலில்தான். தீவோடு பேச்சுவார்த்தை வேண்டும் என்று சொன்னவர்கள் அங்கே நிம்மதியாகக் காபி குடிக்க முடியாத காலம் இருந்தது. அந்தச் சகிப்பின்மையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இழந்த வீட்டையும் சிறைப்பட்ட உறவினரையும் பற்றிப் பேச இடமில்லாத மனிதர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. தீவில் 1969இல் கிறிஸ்துமஸ் விடுமுறை எடுக்கப்பட்டு 1997இல்தான் திரும்பி வந்தது. அந்த ஆண்டுகள் நெடுகிலும் டிசம்பர் 24 இரவுக்கான வறுத்த பன்றியும், பீன்ஸ் சோறும், மோஹோ ஊற்றிய மரவள்ளியும் மயாமியின் கடைகளில் குறைவின்றிக் கிடைத்தன. அதை வாங்கிப் போனவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்காரர்கள் அல்லர். கசப்பும் பாசமும் ஒரே மேசையில்தான் அமர்ந்தன. கசப்பைக் காரணம் காட்டிப் பாசத்தை மறுப்பது சரியான தீர்ப்பாகாது.

இந்த மறுப்புகளையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்தும் ஆபத்து வேறு. பழைய கார்களின் படம், மங்கலான ஹவானாச் சுவர்களை நகலெடுத்த உள்ளலங்காரம், உரத்த இசை, மும்மடங்கு விலை என்று கியூபாவை விற்கும் உணவகங்கள் பல நகரங்களில் பெருகியிருக்கின்றன. அவற்றில் பீன்ஸ் குழம்பு ஒரு கரண்டி அலங்காரமாகத் தட்டின் ஓரத்தில் வருகிறது. நினைவு அங்கே ஒரு காட்சிப்பொருள். அதைச் சரிபார்க்கும் முதியவர் அங்கே இல்லை, அவரால் அந்த விலையைக் கொடுக்கவும் இயலாது. மறுபக்கம் பழைய கடைகள் மூடிக்கொண்டே வருகின்றன. வாடகை உயர்கிறது, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள், நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டது. பிராட்வேயின் லா கரிதாத் 52 ஆண்டுகள் நடந்தபின் 2020இல் மூடப்பட்டது. அதோடு ஹவானாவின் சீன ஃபோந்தாவுக்கும் நியூயார்க்குக்கும் இருந்த வலுவான கண்ணிகளில் ஒன்று அறுந்தது. அரசாணை ஒரே மாதத்தில் செய்ததைச் சந்தை மெதுவாகச் செய்கிறது; உண்பவருக்கு இழப்பு ஒன்றுதான். ஒரு கியூப உணவகம் உண்மையானதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் இதனால்தான் சமையல் குறிப்பில் இல்லை. நேற்று விமானத்திலிருந்து இறங்கிய ஒரு கியூபர், முதல் வாரக் கூலியில் அங்கே வயிறாரச் சாப்பிட முடியுமா? முடிந்தால் அது கியூப உணவகம்.

அப்படி இறங்கியவர்கள் அண்மை ஆண்டுகளில் மிகுதி. 2021க்குப் பிறகான ஓரிரு ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கான கியூபர்கள் தீவை விட்டு வெளியேறியிருக்கிறார்கள்; புரட்சிக்குப் பிறகு இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பேர் போனதில்லை. அவர்களில் பெரும்பாலோர் 1968க்குப் பின் பிறந்தவர்கள். பாட்டியின் வாயால் மட்டுமே கேட்டறிந்த மேசையை, பலர் மயாமியின் ஒரு சாதாரணக் கடையில்தான் முதன்முதலாக முழுமையாகப் பார்க்கிறார்கள். சமையலறையில் வேலைக்குச் சேர்கிறவர்களும் அவர்களே. அந்த அண்டாவைக் கிளறும் கை இனி அவர்களுடையது. தீவில் என்றாவது சிறு கடைகள் தடையின்றித் திறக்கும் நாள் வந்தால், அவற்றை நடத்தத் தெரிந்தவர்களைத் தேடி நூலகத்துக்குப் போக வேண்டியிருக்காது. எனவே இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கியூபர்கள் வாழும் ஒரு நகரத்துக்குப் போக நேர்ந்தால், விளம்பரப் பலகையின் அழகைப் பார்த்து உணவகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மதிய வேளையில் கட்டடத் தொழிலாளர்களும் ஓய்வுபெற்ற முதியவர்களும் எந்தக் கடையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து அங்கே போங்கள். இறைச்சி உண்ணாதவராக இருந்தால், பன்றிக் கொழுப்பு சேராத பீன்ஸ் உண்டா என்று கேளுங்கள். சோறும் பீன்ஸும் பொரித்த வாழைப்பழமுமே போதும். சாப்பிட்டபின் வெளி ஜன்னலில் ஒரு கொலாதா வாங்கி, பக்கத்தில் நிற்பவருக்கும் ஊற்றிக் கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் அந்தச் சில டாலர்களால்தான் அத்தகைய கடைகள் நாளைக்கும் கதவு திறக்கின்றன.